19 வயதுப் பையனின் காலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நம் அணியின் தமிழ் ரசிகர்களுக்கு,

என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்த இரவு, நாம் கூடித் திரையில் பார்த்த அந்த ஹாலில் நானும் இருந்தேன். திரைக்கு நேர் எதிரே, மூன்றாவது வரிசை. நம் அணியின் முறை வந்து, ஐந்து நிமிடக் கெடு ஓடி முடிந்து, லீக் கமிஷனர் மேடைக்கு வந்து பெயரைப் படித்தபோது நடந்ததை முழுசாகப் பார்த்தேன். அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டதும் ஹால் முழுக்க 'ஊ' என்று ஒரு சத்தம். அது ஏமாற்றத்தில் தானாக வருவது, அதைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்த பத்து நிமிடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். திரையில் அந்தப் பையன் எழுந்து நிற்கிறான். அம்மாவைக் கட்டிக்கொள்ள இடுப்புவரை குனிகிறான். கொடுத்த தொப்பியை எப்படி வைத்தாலும் சரியாக உட்காராமல் இரண்டு தடவை கழற்றிக் கழற்றி வைக்கிறான். நம் பக்கத்தில் ஒருவர், "காலைப் பாருடா, குச்சி மாதிரி இருக்கு" என்று கத்தினார். இன்னொருவர் திரையைப் ஃபோனில் படம் பிடித்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் பெரிதாக்கி, வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். "இன்னொரு நெட்டை எதுக்கு, ஏற்கெனவே இருக்கிறவனே நடக்க மாட்டேங்கிறான்" என்றது ஒரு குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மாவைப் போல ஒருவர் நடித்தும் காட்டினார். அதற்கும் சிரிப்பு.

என் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை உங்களில் பலருக்குத் தெரியும். 15 வயது, 5 அடி 11 அங்குலம். பள்ளி அணியில் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நின்று காக்கிற உயரமான ஆள். நம் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, நான் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தயாராகி நின்றவள். அந்தப் ஃபோன் எங்கள் வரிசைக்கு வந்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை. நீட்டி வைத்திருந்த தன் காலை மெதுவாக மடக்கி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில், "அப்பா, கோச்கிட்ட சொல்லி நான் ஃபார்வர்டா மாறிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நானும் சென்டர்தான். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை எட்டு வருடம் கூடைக்கு அடியில் நின்றவன். ஒன்பதாம் வகுப்பில் சராசரி உயரம். பதினொன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் எட்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன். அப்படி வளர்ந்தவனுக்குத்தான் தெரியும், உடம்பு நம்முடையது மாதிரியே இருக்காது. கை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கதவு நிலையில் விரல் இடிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண் என்று வலிக்கும், மாடி ஏற முடியாது. முதல் வருடம் கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, நான் பிடித்ததைவிட முகத்தில் வாங்கியது அதிகம். ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து "பனைமரம், பனைமரம்" என்று கத்துவார்கள். அடுத்த பந்து வரும்போது பந்தைப் பார்க்க மாட்டேன், கத்துகிறவர்களைத்தான் பார்ப்பேன். பந்து மறுபடியும் முகத்தில் படும்.

என் கோச் செய்தது ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு என்னைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று பந்தைக் கீழே விடாமல் மாற்றி மாற்றிப் போட வைத்தார். அதற்குப் பெயர் மைக்கன் டிரில் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜார்ஜ் மைக்கன் பெயரில் வந்தது. லேக்கர்ஸ் அணி மினியாபோலிஸில் இருந்த காலத்தில் அதற்கு ஐந்து பட்டங்கள் வாங்கித்தந்த சென்டர் அவர். அந்த மைக்கனே கண்ணாடி போட்ட, தடுமாறுகிற, தன் உயரத்துக்குக் கூச்சப்பட்ட பையனாகத்தான் டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கோச் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரி காற்றில் குத்தப் பழக்கினார், நடனம் கற்றுக்கொள்ள அனுப்பினார். கூடைப்பந்தின் முதல் பெரிய சென்டர் அப்படித்தான் உருவானார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போய், இந்த டிராஃப்டைத்தான் நம்பிக் காத்திருந்தோம். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துகிற ஒரு கார்டு நமக்கு வேண்டும், மூன்று பாயின்ட் போடுகிறவர் வேண்டும் என்று நானும்தான் சொன்னேன். நாம் கேட்ட பையன் இன்னும் யாரும் எடுக்காமல் அங்கேயே இருந்தான். அவனை விட்டுவிட்டு இவனை எடுத்தார்கள். வயிறு எரியத்தான் செய்யும்.

சென்டரை எடுத்து ஏமாந்த அணிகள் என்று அன்றைக்கு நீங்கள் அடுக்கிய பெயர்களும் பொய்யில்லை. 1984-இல் போர்ட்லாண்ட் இரண்டாவது இடத்தில் சாம் பௌவியை எடுத்தது, மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டான் சிகாகோவுக்குப் போனார். 2007-இல் அதே போர்ட்லாண்ட் முதலிடத்தில் கிரெக் ஓடனை எடுத்தது, கெவின் டுரான்ட் அடுத்த இடத்தில் சியாட்டிலுக்குப் போனார். முழங்கால் அறுவைச் சிகிச்சையில் ஓடனின் முதல் வருடம் முழுக்கப் போனது. போர்ட்லாண்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 82 ஆட்டம், சரியாக ஒரு சீசன் அளவு. 2009-இல் மெம்ஃபிஸ் ஹஷீம் தபீட்டை இரண்டாவதாக எடுத்தது, ஜேம்ஸ் ஹார்டன் மூன்றாவது, ஸ்டீஃபன் கரி ஏழாவது. 2020-இல் கோல்டன் ஸ்டேட் கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியிருந்த ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தது, லமெலோ பால் கைநழுவிப் போனார். எல்லாம் நடந்ததுதான். இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிற ரசிகன் பயப்படுவதில் தப்பில்லை.

ஆனால் பௌவி கதையை இன்னும் ஒரு அடி உள்ளே போய்ப் பாருங்கள். போர்ட்லாண்ட் ஏன் ஜோர்டானை விட்டது? அவர்களிடம் ஏற்கெனவே அதே இடத்தில் ஆடுகிற கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், முந்தைய வருட டிராஃப்டில் எடுத்தவர். கார்டு வேண்டாம், சென்டர்தான் தேவை என்று கணக்குப் போட்டார்கள். பௌவி காலெலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு சீசன் ஆடாமல் இருந்தவர் என்பது தெரிந்தே எடுத்தார்கள். அவர்கள் தப்பு சென்டரை எடுத்ததில் இல்லை. அதே டிராஃப்டில் முதலிடத்தில் ஹூஸ்டன் எடுத்ததும் சென்டர்தான், ஹக்கீம் ஒலாஜுவான். 1994, 1995 இரண்டு வருடமும் பட்டம் வாங்கித்தந்தார். இன்றைக்கு எந்த ஓட்டை இருக்கிறதோ அதை அடைக்கிறவனைத் தேடியதுதான் போர்ட்லாண்டைக் கவிழ்த்தது. அன்றைக்கு ஹாலில் நாம் எல்லோரும் கேட்டதும் அதைத்தானே? "நமக்குத் தேவை கார்டு, சென்டர் இருக்கான்" என்று. நம் வாதத்துக்கு எதிரான சாட்சியை நாமே கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறோம்.

2014-இல் டென்வரிடமும் சென்டர்கள் இருந்தார்கள். ஜவேல் மெகீ இருந்தார், டிமோஃபே மோஸ்கோவ் இருந்தார். அது போதாதென்று அந்த இரவு 16-ஆவதாகப் போன யூசுஃப் நூர்கிச்சையும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் 41-ஆவது இடத்தில் இன்னொரு சென்டர். அவர் பெயர் திரையில் வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. செர்பியாவில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பும் கொழுகொழுவென்று இருக்கும், குதிக்கவும் மாட்டார். நிக்கோலா யோக்கிச். மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 2023-இல் பட்டம். அந்த இரவு நம் ஹால் போன்ற ஒரு ஹாலில் அவர் படத்தைக் காட்டியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பையன் யோக்கிச் ஆவான் என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. ஆவானா மாட்டானா என்பது இந்த வருடம் தெரியாது, அடுத்த வருடமும் தெரியாமல் போகலாம் என்றுதான் சொல்கிறேன். மற்ற இடங்களைவிட சென்டருக்கு இது ரொம்பப் பொருந்தும். ஏன் என்று அந்த இடத்தில் நின்றவனாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எதிரணி கார்டு ஒரு ஸ்கிரீனை, அதாவது நம் ஆளின் வழியை மறித்து நிற்கிற தன் அணிக்காரரை, சுற்றிக்கொண்டு வேகமாக வருகிறார். அவரைக் காவல் காத்த நம் ஆள் ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டு பின்னால் வருகிறார். இப்போது சென்டர் ஒருவனே இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். பந்தோடு வருகிறவர் ஒருவர், ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி ஓடுகிற அவர்களுடைய சென்டர் இன்னொருவர். ஒரு அடி முன்னால் போனால் தலைக்கு மேலே பந்து பறந்து டங்க் ஆகிவிடும், கூடைக்குள் கையாலேயே அழுத்திவிடுவார்கள். ஒரு அடி பின்னால் போனால் கார்டு சாவகாசமாக நின்று போட்டுவிடுவார். அந்த ஒரு அடியை அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும், பின்பக்கமாக நகர்ந்துகொண்டே. அப்புறம் குதிக்கும்போது இரண்டு கையும் நேராக மேலே இருக்க வேண்டும். கை கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் ஃபவுல். ஆறு ஃபவுலில் வெளியே. இளம் சென்டர்கள் முதல் கால் பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிப் பெஞ்சில் உட்காருவது இதனால்தான். அவர்களுக்கு ஆடத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கை பழக ஆயிரக்கணக்கான முறை குதித்திருக்க வேண்டும், நிஜ ஆட்டத்தில், நிஜ வேகத்தில்.

இன்னொன்று குரல். கடைசியில் நிற்பதால் மைதானம் முழுக்கத் தெரிவது சென்டருக்குத்தான். முன்னால் நிற்கிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவன்தான் கத்திச் சொல்ல வேண்டும். "இடது பக்கம் ஸ்கிரீன், விடு, மாறு" என்று ஆட்டம் முழுக்க வாய் ஓயக் கூடாது. 19 வயதுப் பையன், போன வருடம்வரை கல்லூரி விடுதியில் இருந்தவன், 33 வயது அனுபவஸ்தரைப் பார்த்து அதிகாரமாகக் கத்த வேண்டும். எனக்கு அது வருவதற்கு மூன்று வருடம் ஆனது, அதுவும் கல்லூரி அளவில். தன்னம்பிக்கை இல்லாத சென்டரின் குரல் முதலில் போகும், அப்புறம் காவல் போகும். கேலியைக் கேட்டுக்கொண்டே மைதானத்துக்குள் வருகிற பையனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வரும்?

ரூடி கோபேரைப் பாருங்கள். 2013-இல் 27-ஆவது. முதல் சீசனில் ஆட்டத்துக்கு சராசரி 2.3 பாயின்ட். கீழ்நிலை லீகுக்கு அனுப்பி ஆட வைத்தார்கள். பிறகு நான்கு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். டைசன் சாண்ட்லர் 2001-இல் பள்ளியிலிருந்து நேராக வந்தவர், இரண்டாவது இடம். டல்லாஸில் பட்டம் வென்றது 2011-இல், நியூயார்க்கில் சிறந்த தற்காப்பு விருது வாங்கியது 2012-இல். பத்து வருடத்துக்கு மேல். ஜோயல் எம்பீட் 2014-இல் எடுக்கப்பட்டார், பாத எலும்புப் பிரச்சினையால் முதல் ஆட்டம் ஆடியதே 2016 அக்டோபரில். 2023-இல் எம்விபி. ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் கடுமையானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களே எம்பீடுக்காக இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

கூச்சல் போட்டதில் பேர்போன இரவு ஒன்று உண்டு, உங்களுக்கே தெரியும். 2015, புரூக்ளினில் நடந்த டிராஃப்ட். நியூயார்க் நிக்ஸ் அதற்கு முந்தைய சீசனில் 17 ஆட்டம் ஜெயித்து 65 தோற்றிருந்தது. அவ்வளவு தோற்றும், டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற லாட்டரியில் நான்காவது இடம்தான் கிடைத்தது. அந்த இடத்தில் லாட்வியாவைச் சேர்ந்த, 7 அடி 3 அங்குல உயரமுள்ள, 19 வயது கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸ் பெயர் வந்தது. அரங்கமே கத்தியது. ஒரு சிறுவன் அழுததைக் கேமரா காட்டியது. போர்ஜிங்கிஸ் அந்தக் கூச்சலுக்கு நடுவில் மேடைக்கு நடந்தார். இந்தக் கூச்சலைக் கைதட்டலாக மாற்றுவது என் வேலை என்றுதான் அன்றைக்கே பேசினார். முதல் சீசனில் சராசரி 14.3 பாயின்ட், 7.3 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம் யார் என்ற வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். கத்தியவர்களே சில மாதத்தில் அவர் பெயர் போட்ட ஜெர்சியை வாங்கினார்கள்.

பிறகு அவர் முழங்கால் போனது, 2019-இல் டல்லாஸுக்கு மாற்றப்பட்டார், மறுபடி நியூயார்க்குக்கு ஆட வந்தபோது மறுபடி கத்தினார்கள். இந்த இரண்டாவது கூச்சலில் எனக்கு மனக்குறை இல்லை. அங்கே மூன்று வருடத்துக்கும் மேல் இருந்துவிட்டு, விலகிப் போக விரும்பினார் என்று ரசிகர்கள் நினைத்த ஒருவர் மேல் வந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது. முதல் கூச்சலின்போது அவர் என்ன செய்திருந்தார்? பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

எதிர்க்கதையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1999-இல் அதே நிக்ஸ் 15-ஆவது இடத்தில் ஃபிரெடெரிக் வைஸ் என்ற பிரெஞ்சு சென்டரை எடுத்தது. ரசிகர்கள் எதிர்பார்த்தது உள்ளூர்க் கல்லூரியில் ஆடிய ரான் ஆர்டெஸ்டை. அவர் அடுத்த இடத்தில் சிகாகோவுக்குப் போனார். வைஸ் ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வின்ஸ் கார்ட்டர் அவர் தலைக்கு மேலே தாண்டிப் போட்ட டங்க் மட்டும்தான் உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது. அதாவது அந்த ரசிகர்களின் ஏமாற்றம் பலித்துவிட்டது. சரி, பலித்ததால் யாருக்கு என்ன கிடைத்தது? தேர்வு செய்தவர்கள் செய்த தப்பை அந்த மனிதர்தான் இன்றுவரை தன் பெயரோடு சுமந்துகொண்டிருக்கிறார். நம் பையன் நாளைக்குச் சோபிக்காமல் போனாலும், அன்றைக்கு அவன் காலைப் பார்த்துச் சிரித்தது சரியாகிவிடாது.

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கப்போகிறவன், நாலு வார்த்தை தாங்க மாட்டானா" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். டிராஃப்ட் என்றால் என்ன என்பதை அவர் மறந்துவிட்டார். நம் அணிக்கு வர வேண்டும் என்று அவன் விண்ணப்பம் போடவில்லை. எந்த ஊர், எந்த கோச், எந்த மாதிரி ஆட்டம் எதையும் அவன் தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், டிராஃப்ட் நடக்கும் வருடத்துக்குள் 19 வயது நிரம்ப வேண்டும், அதுதான் விதி. நிரம்பியது, பெயர் கொடுத்தான். முதல் சுற்று ஒப்பந்தத்தில் உறுதியானது முதல் இரண்டு வருடம்தான். மூன்றாவது, நான்காவது வருடத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது அணி. அவனை எடுத்தது நிர்வாகம். நிர்வாகத்தைக் கேட்க நமக்குத் தைரியம் வேண்டும். திரையில் தெரிகிற பையனைப் பார்த்துக் கத்த எதுவும் வேண்டாம், அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது.

நிர்வாகத்திடம் கேட்க நிறைய இருக்கிறது. பெரிய உடம்புக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளரை வைக்கப் போகிறார்களா? முதல் வருடம் அவனுக்கு எத்தனை நிமிடம் தருவார்கள், அல்லது கீழ்நிலை லீகான ஜி லீகில் தினமும் ஆட விடுவார்களா, இல்லை பெஞ்சிலேயே வைத்து வீணாக்குவார்களா? எடையை அவசர அவசரமாக ஏற்றி முழங்காலைக் கெடுக்காமல் இருக்க என்ன திட்டம்? இப்போதிருக்கும் சென்டரும் இவனும் சேர்ந்து ஆடப் போகிறார்களா, அவரை விற்கப் போகிறார்களா? நாம் கேட்ட கார்டை விட்டதற்கு என்ன காரணம்? அந்த ஹாலில் நாற்பது பேர் இருந்தோம். இதில் ஒரு கேள்விகூட ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தும்தான்.

இப்போது என் கோரிக்கைகள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கால் படத்தை எடுத்தவரும், வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பியவர்களும் அதை அழித்துவிடுங்கள். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் உடம்பைப் பற்றி, கால், கை, எடை, நடை, அவன் அம்மா, எதைப் பற்றியும் இனி நம் கூட்டத்தில் பேச்சு வரக் கூடாது. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். தப்பான இடத்தில் நின்றால் தப்பு என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அவனுடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய்த் திட்டி எழுதியவர்கள் இன்றைக்கே அதை நீக்குங்கள்.

ஜூலையில் லாஸ் வேகாஸில் கோடைக்கால ஆட்டங்கள் நடக்கும். புதுப் பையன்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதற்குள் முடிந்துவிடும் நாலைந்து ஆட்டம். அதை வைத்து "பார்த்தீங்களா, சொன்னேனே" என்று யாரும் தொடங்க வேண்டாம். இரண்டு சீசன் முடியட்டும். அதுவரை அவனைத் தேறாதவன் என்று சொல்லாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சீசன் கழித்தும் அதே கருத்து இருந்தால் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

மேலே எழுதிய கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி அணியின் பொது மேலாளருக்கு அனுப்ப ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். கோபம் இருப்பவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுங்கள். கார்டை ஏன் விட்டீர்கள் என்பதுதான் அதில் முதல் கேள்வி. உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

அந்த இரவு ஹாலில் என் மகளோடு இன்னும் ஆறேழு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் பள்ளியில் ஆடுகிறவர்கள். அவரவர் வீட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள், அன்றைக்கு நாம் நடந்துகொண்டது தப்பு என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். நான் என் மகளிடம், அங்கே எழுந்து பேசாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அக்டோபரில் நம் ஊரில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு வழக்கம்போல மேல்தளத்தில் மொத்தமாக இடம் பிடிக்கும் பொறுப்பு இந்த வருடமும் என்னிடம்தான். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர் பெயராக அறிவிப்பார்கள். அவன் பெஞ்சிலிருந்து வந்தாலும் சரி, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் வந்தாலும் சரி, அவன் முதல் தடவை மைதானத்துக்குள் கால் வைக்கும்போது நம் வரிசை முழுக்க எழுந்து நின்று கைதட்ட வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் எத்தனை இடம் வேண்டும் என்று செப்டம்பர் 15-க்குள் எனக்குச் சொல்லுங்கள். என் மகள் வருகிறாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு இடம் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பழைய சென்டர்